பீரங்கி மோட்டார்

டீசல் எஞ்சினுக்குப் பிஸ்டன் ரிங் வாங்கிவரச் சென்னைக்குப் போன என் மாமா, பிஸ்டன் ரிங்கை மறந்துவிட்டு, என்னவென்று அவருக்கே தெரியாத ஒரு மோட்டாரோடு திரும்பி வந்தார். சுனாமிக்கு அடுத்த கோடை அது. அந்த வருஷம் எங்கள் பக்கம் யார் எந்தச் சாமானைக் கொண்டுவந்து இறக்கினாலும் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பஸ் கண்டக்டரே ஒரு கை பிடித்துச் சாக்கு மூட்டையை மரக்காணத்தில் இறக்கிவைத்துவிட்டுப் போனார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, அப்பாவின் உப்பளத்தில் எஞ்சின் ஓட்டிவந்தார். அதற்கு முன்னால் மிலிட்டரியில் இருந்தவர். போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டார் என்பதும் உண்மை. அங்கே என்ன வேலை பார்த்தார் என்று யாராவது கேட்டால், "அதெல்லாம் வெளிய சொல்லக் கூடாது" என்பார். இந்தப் பதிலால் ஊரில் பாதிப் பேருக்கு அவர்மேல் மரியாதையும் மீதிப் பேருக்குச் சந்தேகமும் இருந்தது. பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாம் இரண்டாவது பாதியில் இருந்தார்கள். அதனால் முப்பது தாண்டியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை.

சாக்கை அவிழ்த்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "ரிங் எங்கடா?" என்பதுதான்.

மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். பேண்ட் பையையும் தொட்டுப் பார்த்தார். பிறகு, "மொதல்ல இதப் பாருங்க மாமா. மிலிட்டரி சாமான். ஏலத்துல வந்தது. இந்த மாதிரி இரும்பு இப்ப எங்கயும் கெடைக்காது" என்றார்.

"எதுக்கு ஆவும்?"

"அத ஓட்டிப் பாத்தாதான் தெரியும்."

பழைய இரும்புக் கடையில் அந்த மிலிட்டரிப் பச்சையைப் பார்த்ததும் மாமாவுக்குக் கால் நகரவில்லையாம். தண்ணீர்க் குடம் அளவுக்கு இருந்தது அது. வார்ப்பிரும்பு. முன்னால் விரல் தடிமனில் ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு சின்னப் பெட்டி, அதன் தலையில் ஒரு குமிழ். கீழே குட்டையான கழுத்து, கழுத்துக்கு அடியில் வட்டத் தகடு. பெட்டியிலிருந்து கழுத்துக்கு ஒரு கோணல் கம்பி போயிற்று. வயிற்றில் ஒரு பித்தளைத் தகடு, அதில் பொடிப் பொடியாக எழுத்துகள். காலையில் வெளிச்சத்தில் படித்துக்கொள்ளலாம் என்று மாமா படுக்கப் போய்விட்டார்.

அங்கேதான் தப்பு செய்தார். எங்கள் பக்கம் இரும்புக்கு ஆயுசு கிடையாது. உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும். அதனால் இரும்பில் எது வீட்டுக்கு வந்தாலும் முதலில் அதற்கு ரெட் ஆக்சைடு அடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. என் அம்மாவுக்கு இது ஒரு பூஜை மாதிரி. என் சைக்கிள் மணிக்கும் அடித்தாள், அது அன்றைக்கு வாயை மூடியதுதான். மாமா எழுந்து வரும்போது மோட்டார் தலை முதல் கால் வரை செக்கச் செவேலென்று வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. பித்தளைத் தகட்டுக்கு மட்டும் இரண்டு கோட்டு.

"அக்கா! அதுலதான் எல்லாம் எழுதியிருந்துது!"

"எழுதியிருந்தா? துருப் புடிச்சா அந்த எழுத்தா வந்து தொடைக்கும்?" என்று அம்மா பிரஷைக் கழுவப் போய்விட்டாள்.

மாமா கத்தியால் சுரண்டினார். பெயிண்டோடு எழுத்துகளும் போய்விட்டன. ஒரு அம்புக்குறி மட்டும் மிஞ்சியது. "அம்பு போட்டிருக்குது பாரு. அம்பு இருந்தாலே மிலிட்டரிதான்" என்று என்னிடம் காட்டினார். மிலிட்டரி என்பது முன்பே தெரிந்த விஷயம்தானே என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

உப்பளக்காரர் கண்ணுக்குச் சுழல்வதெல்லாம் தண்ணீர் இறைக்கத்தான். அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்து, "இது பம்பு மோட்டாருதான், சந்தேகமே இல்ல" என்று முடிவு சொன்னார். எஞ்சின் படுத்துக்கிடந்ததால் பாத்திகள் வாய் பிளந்து காய்ந்துகொண்டிருந்தன. ஆகவே மோட்டாரை உப்பளத்துக் கொட்டகைக்குக் கொண்டுபோய், பலகையில் முடுக்கி, கொட்டகை விளக்கின் ஒயரைக் கொடுத்து, தண்டில் ஒரு பழைய பம்பின் தலையை ரப்பர் குழாய்த் துண்டால் கோத்தார்கள். குழாயின் ஒரு முனை கால்வாயில். மறு முனையை அப்பாவே பாத்திப் பக்கம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

மாமா சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது, தண்ணீரும் வந்தது. ஒரு குழந்தை ஒன்றுக்குப் போகும் அளவுக்கு வந்தது. நாங்கள் கைதட்டுவதற்குள் மோட்டார் மெதுவாக இடது பக்கம் திரும்பியது. பம்பும் திரும்பியது, குழாயும் திரும்பியது. அப்பாவின் கையிலிருந்து முனை நழுவி உப்புத் தண்ணீர் அவர் மீசையில் அடித்தது. பிறகு மோட்டார் அதே நிதானத்தோடு வலது பக்கம் திரும்பி மாமாவை நனைத்தது. மறுபடி இடது. அப்பா நகர்ந்துகொள்ளலாம்தான். ஆனால் அவர் அசையாமல் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துடா!"

மாமா நிறுத்தினார். இதைப் படிக்கிறவர்களுக்கு அது என்னவென்று இந்நேரம் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் அறிந்த டேபிள் ஃபேன் என்பது ஒரு கையால் தூக்கக்கூடிய, பிளாஸ்டிக்கில் செய்த, ஆறு மாதத்தில் சாகிற ஒரு ஜந்து. இரண்டு பேர் தூக்க வேண்டிய இதற்கும் அதற்கும் உறவு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"மாமா, ஒண்ணு யோசிங்க" என்றார் என் மாமா, சட்டையைப் பிழிந்துகொண்டே. "இது ஏன் ரெண்டு பக்கமும் திரும்புது? எதிரி ஒரே எடத்துல நிப்பானா? இங்கயும் ஓடுவான், அங்கயும் ஓடுவான். இது பீரங்கியத் திருப்புற மோட்டாரு."

அப்பா மீசையிலிருந்த உப்பை நக்கிப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

அப்பா ஒப்புக்கொண்டதை அம்மா மாலைக்குள் ரேஷன் கடையில் சொன்னாள். அங்கிருந்து அது அனுமந்தை வரைக்கும் போனது. மோட்டார் எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வந்து, ஒரு மர ஸ்டூலில் முடுக்கப்பட்டு, விபூதி குங்குமம் வாங்கிக்கொண்டது. பார்க்க வருகிறவர்களுக்காக மாமா அதை ஓட்டிக்காட்டுவார். அது இடமும் வலமுமாகத் திரும்பும். வந்தவர்கள் யாரும் அதற்கு நேர் எதிரே உட்காரமாட்டார்கள். குழல் இல்லாவிட்டாலும் பீரங்கி பீரங்கிதானே. கொஞ்ச நாளில் கதை இன்னும் வளர்ந்து, மிலிட்டரியில் மாமா ஓட்டியதே இந்தப் பீரங்கியைத்தான் என்று ஆகிவிட்டது. மாமா அதை ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

இந்தக் கதை காதில் விழுந்துதான் திண்டிவனம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண் டெய்லரிங் படித்தவள். மாமா அவளை ஏற்கெனவே ஒரு காதுகுத்தில் பார்த்திருக்கிறார் என்பதும், அன்றிலிருந்துதான் கண்ணாடி முன்னால் அவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அவளுடைய போட்டோவை எஞ்சின் கொட்டகையில் ஆணியில் மாட்டியிருந்த சட்டைப் பையில் வைத்திருந்தார். பத்து வயதுக்காரியான எனக்கே புரிந்தது, இந்தப் பெண் கிடைக்காவிட்டால் மாமா இனி வேறு யாரையும் பார்க்கமாட்டார் என்று.

சம்பந்தத்தில் ஒரே ஒரு சிக்கல். பெண்ணின் அப்பா மிலிட்டரியில் முழுக் காலமும் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வரும்போது அந்தப் பீரங்கி மோட்டாரையும் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

மாமாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. "அக்கா, அதைத் தூக்கிக் கொட்டகையில போட்டுடலாம்" என்றார்.

"அதப் பாக்கத்தானே வர்றாங்க? இன்னாடா பேசுற?" என்று அம்மா அதற்கு இன்னொரு கோட்டு பெயிண்டு அடித்தாள்.

அவர்கள் ஒரு நடுப்பகலில் வந்தார்கள், பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மட்டும். அவர் முதுகு வளையாத ஆள். மீசை இரண்டு பக்கமும் மேலே ஏறியிருந்தது. செருப்பைக்கூட ஜோடியாகச் சேர்த்து, முனை வாசலைப் பார்க்க விட்டார். அவர் மனைவி பருத்த அம்மாள். உள்ளே வந்ததிலிருந்து முந்தானையால் விசிறிக்கொண்டு, "யம்மா, இன்னா வெக்கை" என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. எங்கள் வீட்டில் இருந்த ஒரே டேபிள் ஃபேன் செத்துப்போய் மேல் பரணில் கிடந்தது.

அம்மா காப்பி கொடுத்தாள். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "எங்க அது?" என்றார்.

மாமா சுவிட்சைப் போட்டார். மோட்டார் உறுமியது, இடது பக்கம் திரும்பியது, வலது பக்கம் திரும்பியது. பெண்ணின் அப்பா வாயைக் கொஞ்சம் திறந்தபடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய், கண்ணால்கூடப் பார்க்காமல், கையைப் பின்னால் விட்டுக் குமிழைப் பிடித்தார். அம்மாவின் பெயிண்டில் அது இறுகிப்போயிருந்தது. ஒரு திருகு திருகி, மேலே இழுத்தார். 'டக்' என்றது. மோட்டார் திரும்புவதை நிறுத்திவிட்டு நேராக எங்களைப் பார்த்து ஓடியது.

அம்மா என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். இத்தனை நாள் நாங்கள் அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. அது பீரங்கி சுடுகிற குமிழாக இருந்துவிட்டால் என்ன செய்வது?

"பீரங்கியோடதுதான்" என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க கேம்ப்ல இது மாதிரி நெறைய இருந்துது."

மாமாவுக்குப் போன உயிர் வந்தது. ஆனால் முகத்தில் ஒரு குழப்பமும் வந்தது. தான் கற்பனையில் சொன்னது நிஜமாகவே இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அப்போது அந்த அம்மாள் வாயைத் திறந்தார். "பீரங்கியோ இன்னாவோ, சும்மாதான சுத்துது? அதுல ஒரு றெக்கைய மாட்டுங்களேன். வேர்த்து ஊத்துது."

பெண்ணின் அப்பா அவரை முறைத்தார். அந்த அம்மாள் கண்டுகொள்ளவில்லை. விருந்தாளி கேட்டால் செய்ய வேண்டாமா? மாமா மோட்டாரை நிறுத்தினார். அப்பா பரணில் ஏறி, செத்த ஃபேனின் றெக்கையைக் கழற்றி எடுத்துவந்து தண்டில் வைத்தார். அதற்கென்றே செய்ததுபோல் உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டதும் கடல் காற்று வீட்டுக்குள் புகுந்தது. சுவரில் காலண்டர் படபடவென்று அடித்துக்கொண்டது, தாம்பாளத்து வெற்றிலை பறந்தது, என் நெற்றியில் அம்மா வைத்துவிட்டிருந்த விபூதி என் கண்ணுக்குள்ளேயே வந்தது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பாடா" என்றார்.

அப்பா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பீரங்கிக்கும் ஃபேனுக்கும் ஒரே அளவுங்களா?" என்றார் மெதுவாக.

"மிலிட்டரில எல்லாத்துக்கும் ஒரே அளவுதான்" என்று பெண்ணின் அப்பா பட்டென்று சொன்னார். பிறகு மாமாவைப் பார்த்து, "தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க" என்றார்.

இரண்டு பேரும் தோட்டத்துக்குப் போனார்கள். அம்மா அடுப்படியில் சாமி படத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். நான் ஜன்னலில் ஏறிக்கொண்டேன். முருங்கை மரத்தடியில் நின்று பேசினார்கள். ஃபேன் சத்தத்தில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்தது.

முதலில் அவர் ஏதோ கேட்டார். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பிறகு இடது கையில் உருண்டையாக எதையோ பிடிப்பதுபோல் காட்டி, வலது கைக் கட்டைவிரலால் அதைச் சுற்றிச் சுற்றிச் சுரண்டினார். சுரண்டியதைக் கீழே இருந்த ஏதோ ஒன்றில் போடுவதுபோல் காட்டினார். மறுபடி ஒன்று எடுத்தார், சுரண்டினார், போட்டார். பெண்ணின் அப்பா கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு தோளில் இருந்த துண்டை எடுத்து, காற்றிலேயே மேலிருந்து கீழாக எதையோ துடைத்தார். கொஞ்சம் நகர்ந்து அடுத்ததைத் துடைத்தார். அது முடிந்ததும் உள்ளங்கையைத் தோளுக்கு நேராக விரித்து, எதையோ ஏந்திக்கொண்டு நாலு எட்டு நடந்தார். குனிந்து, அதை இடது பக்கமாக வைத்தார். பின்னால் வந்து கைகட்டி நின்றார். மாமா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். இரண்டு பேர் கண்களும் கலங்கியிருந்தன.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பீரங்கிக் குண்டைச் சுரண்டித் தயார்செய்வது மாமாவின் வேலை, குழலைத் துடைத்துக் குண்டை ஏந்திக்கொண்டுபோய் வைப்பது அவருடைய வேலை என்று புரிந்துகொண்டேன். சண்டையில் இறந்துபோன நண்பர்களை நினைத்து அழுகிறார்கள் என்றும் புரிந்துகொண்டேன். ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சல்யூட் வைத்தேன்.

உள்ளே வந்ததும் அவர், "மாப்ளைக்கு ஒரு தட்டு போடுங்க, சேந்து சாப்புடலாம்" என்றார். அம்மா அடுப்படியிலேயே அழுதாள். அடுத்த வாரமே நாங்கள் முறைப்படி பெண் பார்க்கப் போனோம். மாமாவும் அந்தப் பெண்ணும் தையல் மிஷின் இருந்த அறையில் தனியாகப் பேசினார்கள். ஆவணியில் கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் எனக்கு அத்தை ஆனாள். மோட்டார் எங்கள் கூடத்திலேயே காற்று வீசிக்கொண்டிருந்தது. யார் கேட்டாலும் அப்பா, "பீரங்கி மோட்டாருதான், நாங்க ஃபேனா வெச்சிருக்கோம்" என்பார்.

தையில் எங்கள் பள்ளியில் குடியரசு தின விழா. மிலிட்டரிக்காரர் வேண்டும் என்று மாமாவின் மாமனாரையே கொடியேற்றக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒன்று செய்துகாட்ட வேண்டும் என்று டீச்சர் சொன்னபோது, நான் பீரங்கிக்குக் குண்டு போடும் விதத்தைச் செய்துகாட்டுகிறேன் என்றேன். நேரில் கற்றுக்கொண்டது என்பதையும் சொன்னேன்.

மேடையில் நின்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் செய்தேன். குண்டைச் சுரண்டினேன், போட்டேன். அடுத்த குண்டைச் சுரண்டினேன். துண்டால் குழலைத் துடைத்தேன். உள்ளங்கையில் ஏந்தி நடந்து, குனிந்து, இடது பக்கமாக வைத்துவிட்டு, கைகட்டி நின்றேன். ஊரே கைதட்டியது. கொடியேற்ற வந்தவர் மேடையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முன்வரிசையில் மாமா குனிந்து பெஞ்சுக்கு அடியில் செருப்பைத் தேடினார். அத்தை மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிய, பக்கத்துப் பெண்மேல் சாய்ந்து, அடக்க முடியாமல் சிரித்தாள்.

மிலிட்டரி ஆபீசர்கள் சாப்பிடும் இடத்தில் மாமா உருளைக்கிழங்கு உரித்தார், அவர் மாமனார் டேபிள் ஃபேன் துடைத்துத் தட்டு ஏந்திப் பரிமாறினார் என்பது எனக்குத் தெரிய இன்னும் பல வருஷம் ஆனது. அத்தைதான் சொன்னாள். அந்தத் தையல் மிஷின் அறையில் மாமா பேசியது அதைத்தானாம். "பீரங்கிய நான் பாத்ததே இல்லைங்க. கெழங்குதான் உரிச்சேன். புடிக்கலன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாராம்.

அன்றைக்கு எனக்கு அது எதுவும் தெரியாது. இவ்வளவு பெரிய வீரனைக் கட்டிக்கொண்டு, ஊர் பார்க்க இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்கு அத்தைமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் மாமாவைப் பிடித்து நிறுத்தி, "அத்த உன்னப் பாத்துதான் சிரிச்சாங்க. நான் பாத்தேன்" என்று போட்டுக்கொடுத்தேன். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன்.

மாமா முன்னால் போய்க்கொண்டிருந்த அத்தையைப் பார்த்தார். அவள் தோள் அப்போதும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"தெரியும்மா" என்றார். "சிரிக்கட்டும்."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவமானப்பட்ட மனுஷனுக்கு ஏன் சந்தோஷம் வருகிறது என்று யோசித்துக்கொண்டே, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன்.